ரெண்டு முட்டைக் கனம்

நான் கேக் செய்வதற்காக ஆசைப்பட்டு வாங்கிய சின்னத் தராசு இன்று வரை ஒரு கேக்கையும் பார்த்ததில்லை. சைக்கிளின் பெடல் அதில் ஏறியிருக்கிறது, சீட் ஏறியிருக்கிறது, தண்ணீர் பாட்டிலை மாட்டும் கம்பி ஏறியிருக்கிறது. ஒரு நாள் காலையில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டுத் திரும்பினால், என் வீட்டுக்காரர் இடுப்பில் கிடந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தராசில் வைத்து நம்பரை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கயிற்றில் அவருடைய அம்மா வள்ளித்தாய் ராயகிரியிலிருந்து மந்திரித்துக் கொடுத்தனுப்பிய செப்புத்தகடு சுருட்டிக் கோத்திருந்தது. அதையும் சேர்த்துத்தான் எடை. இந்த மனிதரோடு சண்டை போடுவதா சிரிப்பதா என்று முடிவெடுப்பதற்குள் தோசை கருகிவிட்டது.

அவர் பெயர் குற்றாலிங்கம். போலீஸில் ஏட்டு. சாரல் தொடங்கிவிட்டால் அவருக்குக் குற்றாலத்தில்தான் வேலை. மெயினருவிக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு, எண்ணெய் வழிய வருகிறவர்களையும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முண்டுகிறவர்களையும் விசில் ஊதி வரிசையில் நிறுத்துவது. ஈரம் குடித்த காக்கி, பூட்ஸ், பெல்ட், லத்தி, மழைக்கோட்டு என்று அவர் மேல் இருப்பதை வைத்து இன்னொரு ஆளைச் செய்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுவார். கழற்றக் கழற்ற அவர் முகம் தெளிந்துகொண்டே வரும். கடைசியில் மிஞ்சுகிற மெலிந்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எங்கள் வீடு இலஞ்சியில். மொட்டை மாடியில் நின்றால் வயல், வயலுக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு அப்பால் மலை. சாரல் நாட்களில் மலை இருக்கும் இடத்தில் மலை இருக்காது. வெயிலும் தூறலும் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கும். அவர் அந்த மேக வெள்ளைக்குள் போவதை மாடியிலிருந்து பார்ப்பேன். முதலில் சக்கரம் மறையும், பிறகு முதுகு, பிறகு ஹெல்மெட். மறைந்த பிறகும் அவர் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் அதுவும் கருகும்.

எனக்கும் எடையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஆய்க்குடியில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மனிதர்களை மாற்றுவதில்தான் என் பகல் பொழுது போகும். முழங்காலை மடக்கி, அவர்கள் அக்குளுக்குள் கையைக் கொடுத்து, அவர்களுடைய முழு பாரத்தையும் என் மேல் சாய்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். பார்க்க ஒல்லியாக இருப்பார்கள். கால் தாங்காத உடம்பு எவ்வளவு கனக்கும் என்பது தூக்குகிறவர்களுக்குத்தான் தெரியும்.

போன வருஷ முடிவில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தவர் அதைக் குஞ்சை ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"ரெண்டு முட்டைக் கனம்கூட இல்லட்டி. தூக்கிப் பாரு."

ஸ்டெம் என்றார். சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டையிலிருந்து ஒரு குழாய் மேலே ஏறி வரும். அந்தக் குழாயின் தலையையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துப் பிடிக்கிற சின்னத் துண்டுதான் ஸ்டெம். ஓட்டுகிறவரின் கைக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான். இவர் வாங்கியிருந்ததில் குழாயைப் பிடிக்கும் இடத்தில் பெரிய பெரிய ஓட்டைகள் இருந்தன.

"என்னங்க இது, பாதிய எலி தின்ன மாதிரி இருக்கு?"

"ஓட்டை போட்டாத்தாம்ட்டி எடை குறையும்."

இவருடைய சைக்கிளில் அந்தக் குழாய் கார்பன். கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிவிட்டு விற்றதை வாங்கி வந்திருந்தார். கார்பன் என்றால் இரும்பு மாதிரி இல்லை, நூலும் பசையும் சேர்த்து இறுக்கியது என்று எனக்கு அவரேதான் சொல்லிக்கொடுத்தார். இரும்பு வளையும், வளைந்து காட்டிக்கொடுக்கும். இது வளையாது, இருக்கிற வரைக்கும் இருக்கும், போனால் ஒரேயடியாகப் போகும். கவட்டையோடு வந்த காகிதத்தையும் அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். குழாயைப் பிடிக்கும் ஸ்டெம் உள்பக்கம் முழுக்க வழவழப்பாக இருக்க வேண்டும், ஓட்டை போட்ட ஸ்டெம் மாட்டக் கூடாது, ஓட்டையின் விளிம்பு குழாயைக் கடிக்கும், போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் நசுங்கும் என்று அதில் இருந்தது.

"நீங்களே வாசிச்சிட்டு நீங்களே மாட்டுதீயளே?"

"அது நாளைக்குக் கேஸ் கீஸ் வந்திரக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் எழுதி வைக்குதது. நாங்களும்தான் போர்டு வச்சிருக்கோம், பாறை வழுக்கும், கவனம்னு. அதப் பாத்துட்டு எவன் குளிக்காமப் போறான்?"

போலீஸ்காரரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் ஊரில் யாராவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். மாட்டினார்.

மாட்டியதும் அது நழுவியது. முன்சக்கரம் குற்றாலத்தைப் பார்த்தால் ஹேண்டில்பார் செங்கோட்டையைப் பார்க்கும். அந்த ஓட்டைகளுக்கு நடுவே மிஞ்சியிருந்த இரண்டு மெல்லிய பட்டைதான் குழாயைப் பிடிக்க வேண்டும், அதற்குப் பிடி போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து முறுக்குவார், இரண்டு நாளில் திரும்பவும் நழுவும். திடீரென்று ஒரு வாரம் அது நின்றுவிட்டது.

"என்ன செஞ்சீய?" என்று கேட்டேன்.

"சரியாயிட்டு" என்றார்.

அந்தச் சமயத்தில் ராயகிரியிலிருந்து மாமியார் போன் செய்தார். தகட்டைக் கட்டியிருக்கிறானா என்று கேட்டார். இடுப்பில் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கே என்று இவரிடம் சைகையில் கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்று தலையாட்டினார். அதையே நானும் போனில் சொல்லி வைத்தேன்.

ஜூன் பிறந்து சாரல் இறங்கியது. முதல் ஞாயிறு, அவரும் கிங்ஸ்லியும் புளியரை மலைக்குப் போகிறார்கள் என்றதும், நானும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கிங்ஸ்லி தென்காசியில் மொபைல் கடை வைத்திருப்பவன், இவரோடு சைக்கிள் ஓட்டுகிறவன், என்னை மதினி என்பான். அப்படி என்னதான் அந்த மலையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு.

செங்கோட்டை தாண்டியதும் காற்று மாறிவிட்டது. புளியரையில் சாலை மலையில் ஏறத் தொடங்குகிறது. எஸ் போல வளைந்து வளைந்து கேரளத்துக்குப் போகிற சாலை அது. மேலே, மாநில எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சாயா குடித்தோம். கடைக்காரர் தம்ளரை நீட்டிய கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை, அவ்வளவு மேகம். பேசினால் பேச்சு பக்கத்திலேயே விழுந்தது. கிங்ஸ்லி ஏதோ வேடிக்கை சொன்னான், நாங்கள் எல்லோரும் சிரித்தோம், எந்தச் சிரிப்பு யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவர்கள் இறங்கினார்கள். நான் பின்னால். லாரிகள் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு முனகி முனகி எதிரே ஏறி வந்தன. இவர் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். வளைவு வரும்போது ஒரு பக்கம் சாய்வார், வளைவு முடியும்போது மறுபக்கம். யாரோ தொட்டில் ஆட்டுவது போல இருந்தது. ஒரு வளைவில் மேகம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது, அதற்குள் சக்கரம் இரண்டும் காணாமல் போயின. ஒரு மனிதர் ஒன்றும் இல்லாததன் மேல் உட்கார்ந்து காற்றில் போய்க்கொண்டிருந்தார். கீழே செங்கோட்டை வயல்கள் பச்சையாகத் தெரிந்து தெரிந்து மறைந்தன. ஸ்கூட்டர் என்னை எங்கே கொண்டுபோகிறது என்பதையே மறந்துவிட்டேன். எனக்குப் புரிந்தது. சொல்லப்போனால் பொறாமையாக இருந்தது. என்னையும் ஒருத்தர் இப்படித் தொட்டிலில் போட்டு ஆட்ட மாட்டார்களா என்று இருந்தது.

திரும்பி வரும்போது, இலஞ்சிக்கு முன்னால் இருக்கிற சின்ன ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தார். அப்போதுதான் அதைக் கேட்டேன். கீச். ஒரு மிதிக்கு ஒரு கீச்.

"அண்ணாச்சி, உம்ம சைக்கிள்ல வாத்து வளக்கீரோ?" என்றான் கிங்ஸ்லி.

"சாரல் ஈரம்லே. காஞ்சா போயிரும்" என்றார் இவர்.

காய்ந்தது. போகவில்லை. நாளாக ஆக அந்தச் சத்தம் எனக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் இல்லாத நேரத்தில் வாசல் கதவு அசைந்தால் அது மாதிரிக் கேட்கும். ஒரு விடியற்காலையில் கனவு. மெயினருவியில் ஆளே இல்லை, இரைச்சலே இல்லை, தண்ணீர் கீழேயிருந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது. இவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தண்ணீரோடு சேர்ந்து மெல்ல மேலே எழும்புகிறார். நான் ஓடிப்போய்ப் பூட்ஸைப் பிடிக்கிறேன். பூட்ஸ் என் கையில் நிற்கிறது, அவர் போகிறார். கோபமில்லாமல், என்னைப் பார்த்து நட்பாகத் தலையாட்டிக்கொண்டே போகிறார். எழுந்து பார்த்தால் பக்கத்தில் குறட்டை. அந்தக் குறட்டையை அன்று போல என்றும் நான் ரசித்ததில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை ஆய்க்குடியில் உச்சிமாகாளி அண்ணாச்சியைச் சாய்வு மேசையில் கட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அவர் லோடு லாரியின் மேலிருந்து விழுந்தவர். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே அடி. மாதக்கணக்கில் படுத்தே கிடந்தவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிர்த்த வேண்டும், தலை சுற்றும். பட்டையை இறுக்கிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாருக்கு தாயி" என்றார். "நெஞ்சுக்குக் கீழ ஒண்ணுமே கனக்கல. மேகத்து மேல வச்ச மாதிரி இருக்கு. மிதக்குதேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். குறை சொல்லவில்லை, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர் ஈரத் தலையோடு முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். டியூட்டி முடிந்ததும் ஐந்தருவிப் பக்கம் ஒரு சுற்று போய் வந்திருக்கிறார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"இன்னைக்கு எறக்கத்துல என்ன ஒரு காத்துங்கே! கனமே தெரியலட்டி. மிதந்தேன்."

கைப்பையை வாசற்படியிலேயே போட்டேன்.

"அதத் தொறங்க."

"எத?"

"அந்த ஸ்டெம்ம. சத்தம் எங்கேருந்து வருதுன்னு எனக்கு இப்பத் தெரியணும்."

"அத அடிக்கடி கழத்தக் கூடாது சித்ரா."

"ஒரு தரம் கழத்துங்க. இல்ல நான் அருவாமணையக் கொண்டு வருதேன்."

முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்து இரண்டு போல்ட்டையும் தளர்த்தினார். ஸ்டெம் லேசில் வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்தார். வந்ததும் ஒரு துருப்பிடித்த ஈர வாடை வந்தது. குழாயைச் சுற்றி ஏதோ பச்சையாக ஒட்டியிருந்தது. பாசி என்று நினைத்தேன். அவர் அதை விரலால் உரித்தபோது செம்பு தெரிந்தது, செம்பில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரிந்தன. ராயகிரித் தகடு. சுருளைப் பிரித்து, தட்டித் தட்டிப் பட்டையாக்கி, பிடி நழுவாமலிருக்க உள்ளே சுற்றி வைத்திருக்கிறார்.

"இடுப்புல கட்டச் சொன்னா சைக்கிளுக்கா கட்டுவாங்க?"

"பின்ன என்ன செய்ய? மந்திரிச்ச தகடு, வீசியா எறிய முடியும்? கட்டினா கனக்கு. இது நழுவிக்கிட்டே வேற கிடந்துது. பிடிச்ச மாதிரியும் ஆச்சு, கூடவே வந்த மாதிரியும் ஆச்சு."

சிரித்துவிட்டேன். சாமி கும்பிடும்போது பின்னால் நின்று கொட்டாவி விடுகிற மனிதர், அம்மா கொடுத்ததை எறியப் பயந்து இரண்டு கையும் ஊன்றுகிற இடத்தில் வைத்து ஓட்டியிருக்கிறார். அந்த ஒரு நிமிஷம் அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

அவர் துணியால் குழாயைத் துடைத்தார். கறுப்புக் குழாய் பளிச்சென்று வந்தது. அதில் ஒரு தலைமுடி குறுக்கே ஒட்டியிருந்தது. மறுபடி துடைத்தார், போகவில்லை. நகத்தால் தள்ளினார். நகம் அதில் தடுக்கி நின்றது.

ஸ்டெம்மின் ஓட்டை விளிம்பு எங்கே அழுத்தியதோ, தகட்டின் ஓரம் எங்கே மடிந்து கிடந்ததோ, சரியாக அந்த இடத்தில் அந்தக் கோடு ஓடியது.

"தகடுதான் அறுத்திருக்கு" என்றேன்.

"தகடு என்ன செஞ்சுது? இந்த ஓட்டைதான் கடிச்சிருக்கு. தகடு இருந்ததாலதான் கீச்சு கீச்சுன்னு சத்தம் போட்டுக் காட்டிக் குடுத்திருக்கு. அம்மா தகடுல்லா!"

வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற நான் தகட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன், கொட்டாவிச் சாமியார் அதற்கு வக்கீலாக நிற்கிறார். வேறு நாளாக இருந்தால் இதையே ஒரு வாரம் வைத்துப் பேசிச் சிரித்திருப்போம்.

"யாரு அறுத்தா என்ன? நாளைக்கு இதுல மலைக்குப் போக வேண்டாம்" என்றேன்.

"மேல் பெயிண்ட்டுல கீறல். அவ்வளவுதான்."

"நகம் நிக்கு."

"பெயிண்ட்டுக்கும் தடிமன் உண்டும்லா. நாளைக்கு ஒரு நாள்தாம்ட்டி லீவு குடுத்திருக்கான். சாரல் இந்த வாரத்தோட வெறிச்சிரும் போலருக்கு. போயிட்டு வந்து புதுசு சொல்லிக்கிடுதேன்."

தகட்டை எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தார். ஸ்டெம்மைத் திரும்ப மாட்டினார். தகடு இல்லாததால் நழுவக் கூடாதே என்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு முறுக்கியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கோடு உள்ளே போய் மறைந்துவிட்டது. மேலே பார்த்தால் அழகான, புத்தம் புதுச் சைக்கிள்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உச்சிமாகாளி அண்ணாச்சியின் மேசையில் இவரை வைத்துப் பார்த்தேன். தூக்கி உட்கார வைப்பேன், துடைத்துவிடுவேன், புரட்டிப் போடுவேன், அதெல்லாம் எனக்குப் பெரிய காரியமில்லை, கை பழகிய வேலை. ஆனால் இவர் என்னை ஆறுதல்படுத்த, மிதக்குதேன் என்று சொல்லிச் சிரிப்பாரே, அதை என்னால் தாங்க முடியாது. டயரில் ஊசியைக் குத்திவிடலாமா என்று யோசித்தேன். குத்தினால் நாளை தப்பும். ஒட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறு கிளம்பிவிடுவார். இந்த மனிதருக்குச் சொல்லிப் புரியாது, பார்க்க வேண்டும்.

காலையில் எழுந்தபோது முற்றம் முழுக்கச் சாரல். மாவு சலிப்பது போல இறங்கிக்கொண்டிருந்தது. செடி, துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி எல்லாமே பாதி பாதிதான் தெரிந்தன. இவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் கேட்டைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தேன்.

"தள்ளுட்டி. கிங்ஸ்லி வந்திருவான்."

"எறக்கத்துல எப்படிப் பிடிப்பீயளோ, அப்படி இங்கன பிடிச்சுக் காட்டுங்க. ஒண்ணும் ஆகலன்னா நானே கேட்டத் தொறந்து விடுதேன்."

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"ஆமா. ஏறுங்க."

முன்சக்கரத்தை என் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, மறுபேச்சில்லாமல் ஏறினார். பெடலில் எழுந்து நின்று ஹேண்டில்பாரை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா?"

"வளைவுல இப்படியா பூப்பறிக்க மாதிரிப் பிடிப்பீய? அந்தா லாரி வருது. ரோடு ஈரம். பிரேக்கப் பிடிங்க."

அவர் சிரித்தார். பிறகு கண்ணை மூடினார். மூடியதும் முகம் மாறியது. அந்த முகத்தை நான் முன்னால் பார்த்ததில்லை, புளியரையில் நான் பார்த்ததெல்லாம் முதுகுதான். அவர் அங்கே போய்விட்டார் என்று தெரிந்தது. இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார். சாரல் அவர் இமையில் சேர்ந்து, சேர்ந்து, கன்னத்தில் இறங்கியது. எனக்கும் கேட் போய்விட்டது, முற்றம் போய்விட்டது. மேகம் எங்கள் இருவரையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, நான் பின்பக்கமாகவே மலையிறங்கிக்கொண்டிருந்தேன், அவர் எனக்கு நேரே, கைக்கு எட்டும் தூரத்தில், கண்ணை மூடிக்கொண்டு பறந்து வந்துகொண்டிருந்தார். பிரேக்கைப் பிடித்து, உடம்பு முழுவதையும் கையில் கொடுத்து ஊன்றினார்.

முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். அவ்வளவுதான்.

ஹேண்டில்பார் அவர் கையோடு வந்தது. பிரேக் ஒயர் இரண்டும் கூடவே தொங்கின. அவர் முன்னால் பாய்ந்து என் மேல் வந்தார்.

யோசிக்க நேரமில்லை, யோசிக்கவும் தேவையில்லை. முழங்கால் தானாக மடங்கியது, கை தானாக அவர் அக்குளுக்குள் போனது. கேட்டோடு சேர்ந்து சறுக்கி, அவரை என் மேல் வாங்கிக்கொண்டு ஈரச் சிமெண்டில் உட்கார்ந்தேன். ஹெல்மெட் என் தோளுக்கு மேலே கேட்டில் இடித்துக் கணீரென்றது.

"கால ஆட்டுங்க" என்றேன்.

"எதுக்குட்டி?"

"ஆட்டுங்கன்னு சொல்லுதேம்லா!"

ஆட்டினார். ஷூ சிமெண்டில் தட்டியது. டக். இன்னொரு காலையும் ஆட்டச் சொன்னேன். டக். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதேன்.

அவர் திரும்பி, பக்கத்தில் விழுந்து கிடந்த சைக்கிளைப் பார்த்தார். ஒடிந்த குழாயின் வாய் எங்கள் பக்கம் இருந்தது. வட்டத்தில் பாதி, இப்போதுதான் ஒடிந்தது போல நாரும் நூலுமாகப் பளபளத்தது. மீதிப் பாதி மங்கி, அழுக்கேறி, பழைய காயமாக இருந்தது. எத்தனையோ நாளுக்கு முன்னாலேயே அது விட்டுப் போயிருந்தது. ஐந்தருவியிலிருந்து அந்தப் பாதியில்தான் இறங்கி வந்திருக்கிறார். எத்தனை விபத்துக்கு மகஜர் எழுதியவர், அவருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சு என் நெஞ்சின் மேல் வேகமாக அடித்தது.

வெளியே சைக்கிள் மணி கேட்டது.

"அண்ணாச்சி! வாரீயளா?"

கிங்ஸ்லி இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு, எங்கோ மேகத்துக்குள் நின்று காத்துக்கொண்டிருந்தான்.

"எந்திரிக்கட்டுமா?" என்றார் என் காதில். "கனக்கேனா?"

"கனக்கீய" என்றேன். "அப்படியே கிடங்க."